அத்தைக்கு, வளைகாப்பு முடிந்த கையோடு

அன்புள்ள அத்தை,

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. உங்கள் மகள் சின்னவள் முகத்தில் அவ்வளவு களை. உங்கள் புளியோதரையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. எனக்கு வளையல் போடும்போது சபை நடுவில் சொன்னீர்கள்: "அடுத்து நீதான். பயலுக்குத் தொணைக்கு ஒண்ணு வேணும்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்களுக்கு இரண்டாவது குழந்தை வேண்டாம், அத்தை. உங்கள் மகனும் நானும் பேசி எடுத்த முடிவு. சபையில் கேட்டதற்குச் சபையிலேயே பதில் சொல்கிறேன். இதைச் சொல்ல எத்தனையோ தடவை அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறேன். "காபி குடிக்கிறியா" என்று நீங்கள் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் பட்டும் படாமலும்தான் எழுதுவேன். உங்களுக்குப் புரியும்.

2020 ஜூலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரை முழு ஊரடங்கில் கிடந்தது. அம்மா சென்னையில் இ-பாஸுக்கு மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாத மருமகளை ஏற்றுக்கொண்டீர்கள். பிரசவத்துக்கு முன் எடுத்த கொரோனா பரிசோதனையில் எனக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. இருமலோ காய்ச்சலோ கிடையாது. பிறந்த குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகப் பிரித்தது ஆஸ்பத்திரிதான். நீங்கள் இல்லை. இதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

ஆனால் மாடிப்படியையும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாடி அறையில் இருந்தேன் அல்லவா. வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். கபசுரக் குடிநீரும் சாப்பாட்டுத் தட்டும் மேல்படியில் வந்து உட்காரும். காலையில் மாநகராட்சியிலிருந்து போன் வரும்: காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, ஆக்சிஜன் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொல்லிவிட்டு வைப்பேன். தையல் சுண்டி இழுக்கும். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. கீழே குழந்தை அழுத மாத்திரத்தில் நைட்டி முழுக்க நனையும்.

அன்றைக்கு நடுராத்திரி தாண்டியும் அவன் விடாமல் அழுதான். நீங்கள் பவுடர் பால் கலக்கும் ஸ்பூன் சத்தம்கூட எனக்குக் கேட்டது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, பாதிப்படி வரை இறங்கிவிட்டேன். கூடத்து விளக்கு வெளிச்சத்தில் அவன் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்ததும் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனீர்கள். "ஏத்தா, மேல போ. புள்ளையக் கொன்னுறாத."

மேலே போய்விட்டேன்.

பயந்துதான் சொன்னீர்கள். அதே வாரம்தான் உங்கள் அக்கா வீட்டுக்காரரைப் பொட்டலமாகக் கட்டி, முகத்தைக்கூடக் காட்டாமல் கொண்டுபோனார்கள். சர்க்கரை நோயோடு, அறுபது வயதுக்கு மேல், ஒரு பச்சைக்குழந்தையை ராப்பகலாக மடியில் வைத்திருந்தீர்கள். உங்களுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. அதற்கு நான் உங்கள் காலில் விழ வேண்டும்.

ஆனால் தகரத்தைப் பிரித்த பிறகும் ஏன் அத்தை குழந்தையை என்னிடம் தரும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றீர்கள்? "அவளுக்குப் பாலே இல்ல" என்று பக்கத்து வீட்டில் ஏன் சொன்னீர்கள்? பால் இருந்தது. குடிக்க ஆள் இல்லாமல் வற்றியது.

படியில் நீங்கள் சொன்ன அந்தக் "கொன்னுறாத" எனக்குள் தங்கிவிட்டது. எதைத் தொட்டாலும் கேட்டது. அரிவாள்மனையைப் பார்த்தால் கேட்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் போனால் கேட்கும். குழந்தைக்கு என்னால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில் அவனைத் தூக்காமல் இருந்தேன். நீங்கள் என்னைப் பாசமில்லாத தாய் என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஆகஸ்டில் நடந்த ஒன்றை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தீர்கள், அதுவரைக்கும் போதும். வந்ததற்கு நன்றி என்று இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். மறுநாள் டாக்டரிடம் போகாமல் மந்திரித்த கயிறு கட்டினீர்களே, அந்த ஆத்திரமும் அப்படியே இருக்கிறது.

செப்டம்பரில் இ-பாஸ் முறையை ரத்து செய்து, பஸ் விட்டதும் அம்மா வந்தாள். அவளிடமும் சொல்லவில்லை. உங்களைக் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்றுதான். பல மாதம் கழித்து மனநல மருத்துவரிடம் உங்கள் மகன் கூட்டிப் போனார். முதுகுவலிக்கு என்று உங்களிடம் பொய் சொல்லித்தான் போனோம், மன்னியுங்கள். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா என்று முதல் கேள்வி. அதுவரைக்கும் என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மருத்துவமனை அட்டையில் குழந்தையின் எடை இருந்தது, தடுப்பூசித் தேதி இருந்தது, எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த கணக்கு இருந்தது. மனசுக்கு ஒரு கட்டமும் இல்லை.

பிரசவத்துக்குப் பின் வரும் மன அழுத்தம் என்றார் டாக்டர். நோய், அத்தை. திமிரும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் ஒரு கணக்கு வந்தது: பிள்ளை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கொரோனா வருவதற்கு முந்தைய கணக்கு. நம் தெருவிலேயே எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார்கள்!

இன்னொன்றும் பிற்பாடுதான் தெரிந்தது. தாய்க்குக் கொரோனா இருந்தாலும் முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஜூலைக்கு முன்பே சொல்லியிருந்தது. படித்த அன்று ராத்திரி முழுக்க அழுதேன். நம் இரண்டு பேரிடமும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீங்களே அவனை என் மடியில் போட்டிருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்தில் தேறினேன். அவனை ஆசையாக வளர்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்றார்கள். சரியான துணையும் சிகிச்சையும் இருந்தால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார்கள். சமாளிக்கும் தெம்பு எனக்கு இல்லை. பயலுக்குத் துணை வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அவனுக்கு நான் முழுசாக வேண்டும் என்பதை அதற்கு மேலே வைத்தேன்.

சின்னவள் ஒன்பதாம் மாதம் உங்களிடம் வருகிறாள். பத்தியம், லேகியம், சாம்பிராணி எல்லாம் உங்கள் பொறுப்பு, அதில் நான் தலையிட மாட்டேன். ராத்திரிக் குழந்தையை மட்டும் முறை போட்டு நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் தூங்கட்டும். முதல் வாரம் அவள் அழுதால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுதால், சாப்பிடாமல் இருந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்தால், அல்லது தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகிவிடும் என்று சொன்னால், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். நான் எடுக்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். பிரிட்ஜ் கதவில் உங்கள் மகன் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவார். கயிறும் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்து கட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். இதைப் பற்றி என்னிடம் கோபமாகப் பேச வேண்டும் என்றாலும் பேசுங்கள். மாமாவும் பயலும் கடைக்குப் போன பிறகு பேசுவோம்.

உங்கள் மருமகள்