வெள்ளைக்கல் கடலுக்குச் சாட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, அதற்குச் சாட்சி வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் என்று சேலத்தில் பலரும் சொல்கிறார்கள். பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகளும் அதையே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். அது தவறு. அந்தக் கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட் கனிமம். மெக்னீசியம் மிகுந்த டியூனைட் பாறைக்குள் நீரும் கரியமில வாயுவும் புகுந்து பாறையை மாற்றியதால், வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. அந்தக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் காலத்தில் 'சாக் ஹில்ஸ்', அதாவது கடலில் படியும் சுண்ணாம்புக்கல்லின் குன்றுகள், என்று பெயர் விழுந்துவிட்டதால் இன்றுவரை குழப்பம் தீரவில்லை.

சோதித்துப் பார்ப்பது எளிது. சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரை பொங்கும். வெள்ளைக்கல்லில் விட்டால் அநேகமாக ஒன்றும் நடக்காது. பொடித்துச் சூடாக்கினால்தான் நன்றாக நுரைக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் சிப்பி ஓடு ஒன்று அகப்படாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தட்டையான உச்சியும் அலை அரித்த மேடை அல்ல. அங்குள்ள சார்னோகைட் என்னும் கடினப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருவானது. அதன் மேலிருக்கும் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது, நெடுங்கால மழை பாறையில் கரையக்கூடியதையெல்லாம் கழுவிக்கொண்டு போன பின் தங்கிய மிச்சம். அது நிலத்தின் மேல்தான் உண்டாகும்.

அப்படியானால் பழைய கடற்கரையை எப்படி அடையாளம் காண்பது? ராமேஸ்வரம் தீவின் வடகரைக்குப் போனால் பார்க்கலாம். செத்த பவளப்பாறை, தான் வளர்ந்த நிலையிலேயே தண்ணீருக்கு மேல் நிற்கிறது. கடல் வற்றும்போது எட்டும் தாழ்ந்த மட்டத்துக்கு மேல் பவளம் உயிர்வாழ முடியாது. மேல்தலை வெயில்பட்டுச் செத்தபின் பக்கவாட்டில் மட்டும் பரவி, தோசைக்கல் போலத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை முகம் அன்றைய கடல் மட்டத்தைக் காட்டும் கோடு. அங்கிருந்து எடுத்த ஒரு மாதிரியின் ரேடியோ கார்பன் வயது சுமார் 4,000 ஆண்டு.

உயரம் அளப்பதில்தான் பிழை அதிகம். அதே இனத்துப் பவளம் அருகில் உயிரோடு இருந்தால், அதன் தலைக்கும் செத்ததன் தலைக்கும் உள்ள வித்தியாசத்தை லெவல் கருவியும் அளவுகோலும் வைத்து எடுக்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவி தரும் மூல உயரத்தை அப்படியே எழுதிவிடக் கூடாது. அது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது. இந்தியப் பெருங்கடலின் இந்தப் பகுதியில் ஈர்ப்பு குறைவு என்பதால் கடல்பரப்பே அந்த வடிவத்துக்குக் கீழே தாழ்ந்து கிடக்கிறது. ராமேஸ்வரம் கரையில் கால் நனைய நின்றாலும் மைனஸ் 90 மீட்டருக்குக் கீழே காட்டும். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் நாம் பார்க்கும் உயரம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. இரண்டையும் கலந்தால் எல்லாம் பாழ்.

அடுத்தது வயது. புயல் பெயர்த்து எறிந்த பவளத் துண்டும், ஆதி மனிதர் தின்றுவிட்டுக் குவித்த சிப்பி ஓடும் எந்த மட்டத்தையும் காட்டாது. அடிப்பாகம் பாறையோடு ஒட்டியிருக்கிறதா, தலை மேல்நோக்கி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் ரேடியோ கார்பன் வயது சுமார் 400 ஆண்டு கூடுதலாக வரும். அதைக் கழிக்க மறப்பவர்கள் உண்டு. 50,000 ஆண்டுக்கு அப்பால் அந்த முறை உதவாது, யுரேனியம்–தோரியம் முறைக்குப் போக வேண்டும். மழைநீர் ஊறிப் பவளத்தின் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் கால்சைட் என்னும் வேறு கனிமமாக மாறியிருந்தால் அதுவும் பொய் வயது சொல்லும்.

உயரமும் வயதும் கிடைத்த பிறகும், உயர்ந்தது நிலமா, இறங்கியது கடலா என்ற கேள்வி நிற்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், நீர் பனிக்கட்டியாக நிலத்தில் உறைந்திருந்தபோது, கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; பாக் நீரிணை வறண்ட நிலம். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்போ இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தது. அந்த வயதுள்ள பவளப்படி (பழைய பவளத்திட்டின் படி போன்ற மேடை) ஒன்று இப்போது 31 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைய கடலுக்கு 6 மீட்டர் கழித்தால் மிச்சம் 25. நிலம் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 9 கழித்தால் 0.18 தான். கழிக்காமலே வகுத்தால் 0.25 என்று வந்து, நிலம் இல்லாத வேகத்தில் எழுந்ததாகிவிடும்.

நிலம் எப்போதும் இப்படி மெல்லத்தான் எழும் என்றும் இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப்பட்டு, பவளத்திட்டுகள் வெளியே வந்து செத்தன. அதே நாளில் தெற்கே, நிக்கோபாரின் கோடியிலுள்ள இந்திரா முனை கடலுக்குள் இறங்கியது. சுவீடனில் வேறு கதை. பனியுகத்தில் மேலே கிடந்த பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால் போத்னியா வளைகுடாக் கரை இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் எழுகிறது.

பிள்ளைகளுக்குக் கடல் வந்துபோன இடத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் ஆத்தூர், பெரம்பலூர் வழியாக அரியலூர்ப் பக்கம் அழைத்துச் செல்லலாம். அம்மோனைட் (சுருள் ஓடுகொண்ட, அழிந்துபோன கடலுயிரி) பதிந்த களிமண் காரை என்ற ஊரில் இருக்கிறது. கடலடி மண்ணில் புதைந்து கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் சாத்தனூரில் கிடக்கிறது. அங்கேயும் தரையின் உயரத்தைப் பார்த்து நிலம் அவ்வளவும் எழுந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் படிவுகள் உண்டான, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் உலகக் கடலே இன்றைவிட வெகு உயரத்தில் இருந்தது. எதையும் பெயர்த்துக்கொண்டு வரவும் வேண்டாம். ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நின்ற இடத்திலிருந்து பெயர்த்த பவளம் எந்த மட்டத்தைக் காட்டியது என்பதை யாராலும் திரும்ப அளக்க முடியாது.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.