பாயில் நெய்த பெயரும் பரீட்சைத் தாளும்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். சிட்னியில் நீ எழுதப்போகிற பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் கற்பனை, டிஸ்கர்சிவ் (ஒரு எண்ணத்தை ஆராய்வது), பெர்சுவேசிவ் (கேட்பவரை இணங்கவைப்பது) என்று மூன்று வகை எழுத்து இருக்கிறதே, அதைப் பற்றி "மூணுல எதை எழுதட்டும்மா, எல்லாரும் டிஸ்கர்சிவ்தான் ஆபத்தில்லாததுன்னு சொல்றாங்க" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்.

ஆபத்தில்லாதது என்று ஒன்று கிடையாது ஏட்டி. ஒவ்வொன்றும் வழுக்குகிற இடம் வேறு, அவ்வளவுதான்.

முதலில் தாளைக் கணக்குப் போட்டுப் பார். அட்வான்ஸ்டு இங்கிலீஷ் இரண்டாம் தாள் 2 மணி நேரம். அதற்கு முன்னால் வாசிக்க 5 நிமிடம். மூன்று பிரிவு, பிரிவுக்கு 20 மதிப்பெண். மூன்றாவது பிரிவான மாட்யூல் சி-க்கு, அதாவது நீயே எழுதிக் காட்டுகிற பிரிவுக்கு, உன் கையில் இருப்பது 40 நிமிடம். யோசிக்க 6, திரும்பப் படிக்க 4 கழித்தால் எழுதக் கிடைப்பது 30 நிமிடம். நிமிடத்துக்கு 20 சொல் எழுதுகிற கை என்றால் 600 சொல். உன் கை எவ்வளவு ஓடும் என்று ஊகிக்காதே. 5 நிமிடம் அலாரம் வைத்துப் பேனாவால் எழுதி, எண்ணி, ஐந்தால் வகுத்துப் பார். மூன்று வகையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த அளவுக்குள்தான் அடங்கவேண்டும். நாவல் எழுத வேண்டிய விஷயத்தை 600 சொல்லில் எழுதப் போவதுதான் முதல் தப்பு.

கேள்வி சில சமயம் இரண்டாகப் பிரிந்து வரும்: ஒன்றில் எழுதச் சொல்வார்கள், இன்னொன்றில் நீ ஏன் அப்படி எழுதினாய் என்று விளக்கச் சொல்வார்கள். அப்போது மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம் என்று நேரத்தைப் பிரித்துக்கொள். எந்த வகையில் எழுதவேண்டும் என்று கேள்வியே கட்டளை போடவும் செய்யலாம். ஒரே ஒரு வகையை மட்டும் மெருகேற்றி வைத்திருக்கிற பிள்ளைக்கு அங்கே கை கால் ஓடாது.

இனி, தேர்ந்தெடுக்கிற விதம். ஸ்டிமுலஸை, அதாவது எழுதத் தூண்டுதலாகக் கேள்வியில் கொடுப்பதை, படித்ததும் "எனக்கு எந்த வகை நன்றாக வரும்" என்று கேட்காதே. "இதைப் படித்ததும் என் கைக்கு என்ன வந்தது" என்று கேள். ஒரு நொடி வந்ததா, ஒரு ஆள், ஒரு அறை, ஒரு கை செய்கிற காரியம்? அது கற்பனை எழுத்துக்கு. ஒரு விஷயம் இப்படியும் இருக்கிறதே, அப்படியும் இருக்கிறதே என்று உறுத்துகிறதா? அது டிஸ்கர்சிவுக்கு. இன்னார் இதைச் செய்தே ஆகவேண்டும் என்று கோபமோ ஆதங்கமோ வருகிறதா, அந்த "இன்னார்" யார் என்று உனக்குத் தெரிகிறதா? அப்போதுதான் பெர்சுவேசிவ். இதற்கு ஒன்றரை நிமிடம் போதும். தூண்டுதலாகக் கொடுத்தது படமாக இருந்தாலும் இதே கேள்விதான்.

வெறுமனே சொன்னால் புரியாது. நானே ஒரு ஸ்டிமுலஸ் எழுதுகிறேன்: "பெயரைச் சுமப்பவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர்." இதற்குப் பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம், நீ பார்த்த பொருள். கோரையை ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து நெய்து கொடுப்பார்கள்.

கற்பனை எழுத்து என்றால், தறி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். மாப்பிள்ளை பெயர் முடிந்துவிட்டது. பெண் பெயரில் மூன்றாவது எழுத்து பாதியில் இருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம். கல்யாணம் நின்றுபோயிற்று என்று தகவல் வருகிறது. உன் கதை அவ்வளவுதான். அந்தப் பாதி எழுத்தை அவள் என்ன செய்கிறாள்? பிரிக்கிறாளா, முடிக்கிறாளா? கல்யாணம் ஏன் நின்றது என்று சொல்லாதே, அவளுக்கே தெரியாது. ஈரக் கோரை விரலில் ஒட்டுவது, தப்பான இழையை உருவி எடுத்த இடத்தில் பாவு தளர்ந்து கிடப்பது, இதையெல்லாம் எழுது. நிற்பது ஒரே இடம், நேரம் பத்து நிமிடம், ஆள் இரண்டு பேர், மாற்றம் ஒன்று. 600 சொல்லுக்கு இதற்கு மேல் தாங்காது. அவளுடைய சின்ன வயது, அவளுடைய புருஷன், கூட்டுறவுச் சங்கம் என்று பின்கதை சேர்க்க ஆரம்பித்தால் இருபதாவது நிமிடத்தில் நீ இன்னும் தறிக்கே வந்திருக்க மாட்டாய்.

கற்பனையில் பிள்ளைகள் விழுகிற மற்ற குழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் கனவு" என்று முடிப்பது. கடைசி வரியில் செத்துப்போவது. காலை அலாரத்தில் தொடங்குவது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இரண்டு பெயரடை மாட்டுவது. இவை எல்லாவற்றையும்விட உனக்கு உள்ள பெரிய குழி வினைச்சொல்லின் காலம். நம் ஆட்கள் வாயால் கதை சொல்லும்போது "போனான், பாக்கான், அங்க யாரும் இல்ல" என்று இறந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்குத் தாவுவோம், காதுக்கு நன்றாக இருக்கும். இங்கிலீஷில் காரணமில்லாமல் அப்படித் தாவினால் பிழையாக நிற்கும். ஒரு காலத்தைப் பிடித்தால் கடைசி வரை அதிலேயே நில்.

டிஸ்கர்சிவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும். எளிது என்று நினைத்து எல்லாரும் அதில்தான் போய் விழுகிறார்கள். பெர்சுவேசிவ் பட்டிமன்ற மேடை மாதிரி. உனக்கு ஒரு அணி உண்டு, எதிரணி உண்டு, கடைசியில் தீர்ப்பு உண்டு. டிஸ்கர்சிவ் என்பது சாயங்காலம் ஆற்றங்கரையில் குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. ஒன்றில் தொடங்கி, அதை ஒட்டி இன்னொன்று ஞாபகம் வந்து, யாரோ குறுக்கே ஒன்று சொல்லி, மறுபடி முதலில் பேசியதற்கே வரும். எழுந்து போகும்போது யாரும் ஜெயித்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த விஷயம் உட்காரும்போது பார்த்த மாதிரி இருக்காது. நியூ சவுத் வேல்ஸ் பாடத்திட்டமும் இதையேதான் சொல்கிறது: வாசகரை ஒரு கருத்தின் பக்கம் இழுக்கும் நேரடி நோக்கமில்லாமல் ஒரு எண்ணத்தை ஆராய்வது டிஸ்கர்சிவ். தொனி சிரிப்பாகவும் இருக்கலாம், தீவிரமாகவும் இருக்கலாம்.

அதே பெயர் விஷயத்தை இப்படி எடு. பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறவர் கையில் அந்தச் சின்ன மெஷின் கிர்ரென்று ஓடும். வெட்டுகிறவர் அவர், வெட்டியிருப்பது ஆச்சி பெயர். குடம் மூன்று வீடு மாறியும் பெயர் மாறவில்லை. இதிலிருந்து பத்தமடைப் பாய்க்குப் போ: நெய்தவள் பெயர் எங்கேயும் இல்லை, படுப்பவர் பெயர்தான் இருக்கிறது. அங்கிருந்து சிட்னியில் காப்பிக் கடைக் கோப்பையில் உன் பெயரைத் தப்பாக எழுதிக் கொடுக்கிறார்களே, அதற்குப் போ. உனக்கு அதில் கோபம் வருகிறதா, இல்லை புதுப் பெயர் கிடைத்த மாதிரி ஒரு சுதந்திரமா? இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுது. அந்த இரண்டும் இருப்பதுதான் டிஸ்கர்சிவின் சரக்கு. கடைசியில் மறுபடி குடத்துக்கு வா. இப்போது அந்தப் பெயர் தேய்ந்து பாதி எழுத்துதான் தெரிகிறது என்று நிறுத்து, விளக்கம் வேண்டாம்.

இது கெட்டுப்போவது மூன்று விதத்தில். முதலாவது, நாலாவது பத்தியில் உனக்கே தெரியாமல் பிரசங்கம் ஆரம்பித்துவிடும்: "ஆகவே நாம் அனைவரும்..." அந்த "நாம் அனைவரும்" வந்தாலே பேனாவை நிறுத்து, நீ மேடை ஏறிவிட்டாய். இரண்டாவது, "ஒரு பக்கம் இப்படி, மறு பக்கம் அப்படி" என்று தராசு பிடிக்கிற கட்டுரையாகிவிடும். அதில் ஆளும் இருக்காது, குரலும் இருக்காது. மூன்றாவது, துண்டு துண்டாக நினைவுகளை அடுக்கிவிட்டு, எதை ஆராய்கிறோம் என்பதையே விட்டுவிடுவது. இதற்கு ஒரு மருந்து உண்டு. தொடங்குமுன் உன் கேள்வியை ஒரு வரியில் ஓரத்தில் எழுதிவை: "பெயர் யாருக்குச் சொந்தம்?" ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் அந்த வரியைப் பார். அந்தப் பத்தி கேள்வியைக் கொஞ்சமாவது நகர்த்தவில்லை என்றால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போ.

பெர்சுவேசிவ் நீ சுலபமாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், பேச்சுப்போட்டிக்குப் போன பிள்ளை. அந்தப் பழக்கமே காலை வாரும். அவையோருக்கு வணக்கம், ஒரு மேற்கோள், வரிசையாக மூன்று கேள்வி, குறளில் முடிப்பு: இது நம்மூர் மேடைக்குச் சரி, தாள் திருத்துகிறவருக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்கும். அங்கே கேட்பது இரண்டே விஷயம், யாரிடம் பேசுகிறாய், என்ன செய்யச் சொல்கிறாய்? "சமூகமே, விழித்தெழு" என்றால் யாரும் எழமாட்டார்கள். உன் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டின் முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நீ பேசுகிறாய் என்று வை. கோரிக்கை ஒன்றே ஒன்று: முதல் நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது நீங்கள் பெயரை வாசிக்காதீர்கள், ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். செய்யக்கூடியது, செலவில்லாதது, நாளைக் காலையே தொடங்கலாம்.

பிறகு எதிர்த்தரப்பை நீயே சொல். முப்பது பிள்ளைகள், ஐந்து நிமிடம், ஆசிரியருக்கும் சிரமம்தான் என்று ஒப்புக்கொள். ஒப்புக்கொண்டால்தான் கேட்பவர் கை கட்டியிருப்பதை அவிழ்ப்பார். ஆதாரத்துக்கு மண்டையிலிருந்து சதவீதம் எடுத்து விடாதே. "ஆய்வு ஒன்றின்படி 72 சதவீதம்" என்று பரீட்சை அறையில் உதித்த எண் எவ்வளவு பொய் என்பது படிக்கிறவருக்கு உடனே தெரியும். அதற்குப் பதில் ஒரு பிள்ளை தன் பெயர் வருமுன்னாலேயே, ஆசிரியர் தயங்குகிற அந்த நிறுத்தத்தைக் கேட்டே, "பிரசன்ட்" என்று கையைத் தூக்குவதைக் காட்டு. அந்த ஒரு காட்சி செய்கிற வேலையை எந்த எண்ணும் செய்யாது.

பார்த்தாயா, சரக்கு ஒன்றுதான், மூன்று பக்கமும் போயிற்று. அதனால் நீ மனப்பாடம் செய்ய வேண்டியது முழுக் கட்டுரை இல்லை. தயார் செய்த கதையைக் கொண்டுபோய், ஸ்டிமுலஸ் வரியை முதலிலும் கடைசியிலும் ஆணி அடித்து மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மாட்டிய இடம் தெரியும், மதிப்பெண் அங்கேதான் போகும். நீ தயார் செய்ய வேண்டியது நாலைந்து பொருள், உனக்கு மட்டுமே நெருக்கமாகத் தெரிந்தவை. பாய் ஒன்று. பதநீர் இறக்குகிற பனை, கலயத்தின் உள்ளே பூசுகிற சுண்ணாம்பு. அல்வாவுக்கு ஊறவைத்த சம்பா கோதுமையை ஆட்டிப் பிழிந்தெடுக்கிற பால். அத்தை வீட்டிலிருந்து நீ ஏறுகிற ரயிலும் அப்படி ஒன்றாகலாம். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம்: கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, அதைச் செய்கிறவர் கை, அதில் என்ன கெட்டுப்போகும், உனக்கு அதில் தீராத கேள்வி என்ன, யாரிடம் என்ன கேட்கலாம். பரீட்சையில் ஸ்டிமுலஸ் வந்ததும் இவற்றில் எது தானாக எழுந்து வருகிறதோ அதை எடு. எதுவும் எழவில்லை என்றால் இழுக்காதே, ஸ்டிமுலஸிலேயே ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துத் தொடங்கு.

ஆச்சியை ஆச்சி என்றே எழுது. அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடாதே. அவள் வெற்றிலை மடித்துக்கொண்டு உன் தலையை வருடினால் யாரென்று சிட்னிக்காரருக்கும் புரியும்.

கேள்வியில் விளக்கப் பகுதியும் வந்தால் உதவும் என்று இதையும் சொல்கிறேன்: எழுதும்போதே இரண்டு மூன்று இடங்களில் வேண்டுமென்றே ஒன்று செய்துவை. நீண்ட வாக்கியங்களுக்கு நடுவே மூன்று சொல் வாக்கியம், திரும்பத் திரும்ப வருகிற ஒரு பொருள், சொல்லாமல் விட்ட ஒரு காரணம். விளக்கம் எழுதும்போது அதைத் தொட்டுக் காட்டி, படிக்கிறவரிடம் அது என்ன செய்யும் என்று சொல். நீ பாடத்தில் படித்த எழுத்திலிருந்து அந்த உத்தியை எப்படி எடுத்தாய் என்பதும் வேண்டும். "உருவகம் பயன்படுத்தினேன், அது சுவாரசியமாக்கியது" என்பதற்கு ஒன்றும் கிடைக்காது.

கடைசி 4 நிமிடத்தில் அழகு பார்க்காதே. ஒருமுறை காலத்துக்காக மட்டும் படி, இன்னொரு முறை ‘ஏ’, ‘தி’ விடுபட்டதற்காக மட்டும் படி. நம் பாஷையில் அது இல்லாததால் அவசரத்தில் கை விட்டுவிடும்.

நான் மேலே எழுதிய ஸ்டிமுலஸையே எடுத்துக்கொள், ஆனால் பாயும் குடமும் வேண்டாம், அது என்னுடையது. உன் பொருள் ஒன்றை வைத்து மூன்று தொடக்கம் எழுது. ஒவ்வொன்றும் 150 சொல், 8 நிமிடம், பேனாவால். மூன்றில் எது எழுதும்போது கை நிற்காமல் ஓடியது என்று ஓரத்தில் குறி. அடித்தலோடு அப்படியே போட்டோ எடுத்து சனிக்கிழமை அனுப்பு. உனக்கு ராத்திரி 8 மணி என்றால் எனக்கு மூன்றரை, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருப்பேன். அக்டோபர் முதல் ஞாயிறுக்குப் பிறகு உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கூப்பிடு.

அத்தையையும் மாமாவையும் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு ஏட்டி.

அன்புடன்,
அம்மா