ஹியூமின் மேசையில் இருந்த புத்தகம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்கு நல்ல இடம் அமைந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்துவிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொல். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குத்தான் கண் பார்வை இன்னும் மங்கிவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றியதும் நான் தேவாரம் படிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். படிக்கிற எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். “சாமி இல்லை என்று சொன்ன மனுஷன்தானே உன் டேவிட் ஹியூம், அவரிடம் என்ன இருக்கிறது என்று இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞரான அவர் எழுதியதில் நான் படித்தவரைக்கும் எங்கேயும் ‘சாமி இல்லை’ என்று அடித்துச் சொல்லவில்லை. ‘இருக்கிறது என்று சொல்ல உன்னிடம் என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எவ்வளவு தூரம் தாங்கும்’ என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே அப்போது நெஞ்சுரம் வேண்டும். அவர் 1711ல் எடின்பரோவில் பிறந்தார். அதற்கு 14 வருஷம் முன்னால், 1697ல், அதே ஊரில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற மாணவனை தெய்வ நிந்தனை செய்தான் என்று தூக்கில் போட்டிருக்கிறார்கள். பையனுக்கு வயது 20. ஹியூமின் காலத்தில் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் எடின்பரோ, கிளாஸ்கோ இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

அற்புதங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1748ல் வந்தது. அதில் சொல்வது இதுதான்: விவேகமுள்ளவன் ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நம்புவான். செத்தவன் எழுந்து வந்தான் என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, சொல்பவர் ஏமாந்திருக்கவோ ஏமாற்றவோ வாய்ப்பு அதிகமா என்று எடை போட்டுப் பார். இந்த யோசனை அவருக்கு எங்கே தோன்றியது தெரியுமா? பிரான்சில் லா ஃப்ளெஷ் என்ற ஊரில், இயேசு சபைக் கல்லூரியின் தாழ்வாரத்தில். ஒரு பாதிரியார் தங்கள் மடத்தில் நடந்த அற்புதத்தைச் சொல்லிக்கொண்டே கூட நடக்க, இளைஞரான ஹியூம் அங்கேயே மறுத்துப் பேசியிருக்கிறார். ‘அப்படிப் பார்த்தால் சுவிசேஷத்தில் வரும் அற்புதங்களும் நிற்காதே’ என்றாராம் பாதிரியார். ஹியூம் அதற்குமேல் வாதாடாமல் விட்டுவிட்டார்.

அந்தக் கட்டுரையில் ஓர் இந்திய இளவரசன் வருகிறான். குளிரில் தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும் என்று கேட்டு, நம்ப மறுத்தவன். இதேபோன்ற கதையை ஹியூமுக்கு முன்பே ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் சொல்லியிருக்கிறார். அதில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ராஜாவிடம் டச்சுத் தூதர், ‘எங்கள் ஊரில் உறைந்த தண்ணீர்மேல் யானைகூட நடக்கலாம்’ என்கிறார். ‘இதுவரை நீர் சொன்னதையெல்லாம் நம்பினேன், இப்போதுதான் நீர் பொய் சொல்வது தெரிந்தது’ என்கிறார் ராஜா. இளவரசன் யோசித்த விதம் சரி என்கிறார் ஹியூம். முடிவு தப்பு, ஆனாலும் யோசித்த விதம் சரி! இதில்தான் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற நம் ஊர்க்காரனும் அப்படித்தானே சொல்லியிருப்பான்? தன் அளவுகோல் ஒரு நேர்மையான மனிதனைப் பொய்யான முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்று ஹியூமுக்குத் தெரியும். தெரிந்தும் அதை மறைக்காமல் நம் முன்னால் வைக்கிறார். உன் சித்தப்பா வேண்டுதலால் பிழைத்தார் என்று நீ எழுதியதைப் படித்தபோது இந்த இளவரசன்தான் நினைவுக்கு வந்தான். அவர் பிழைத்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஊரெல்லாம் சொல்கிறார்கள், நிறைவேறாதவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த இரண்டாவது கணக்கும் தெரியாமல் நான் எப்படி எடை போடுவேன், சொல்.

அடுத்து, அவர் இறந்தபின் 1779ல் வந்த ‘இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்கள்’. அச்சுக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்க அவருடைய நெருங்கிய நண்பரான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித்தே தயங்கினார். கடைசியில் அண்ணன் மகன்தான் கொண்டுவந்தார். அதில் ஃபைலோ என்ற பாத்திரம் கேட்கிறார்: உலகம் ஒரு வீடு, அதைக் கட்டிய கொத்தனார் கடவுள் என்றால், வீட்டைப் பலர் சேர்ந்தும் கட்டுவார்களே? கற்றுக்குட்டி ஒருவனின் முதல் முயற்சியாகவும் இருக்கலாமே? பிரம்மம் சிலந்திபோலத் தன் வயிற்றிலிருந்து உலகை நூற்றது என்று பிராமணர்கள் சொல்வதையும் இழுக்கிறார். முண்டக உபநிஷத்தில் அந்தச் சிலந்தி இருக்கிறது. நமக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் சிலந்திகள் மட்டுமே வாழும் கிரகத்தில் அதுதான் இயல்பான விளக்கம் என்கிறார். அவ்வளவும் சொல்லிவிட்டு, முடிவில் அதே ஃபைலோ, உலகின் ஒழுங்குக்குக் காரணமானது மனித அறிவை எங்கோ கொஞ்சம் ஒத்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறார்.

நான் அவரை விட முடியாமல் இருப்பதற்குக் காரணம் 1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போக நேரமாகிவிட்டதால் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல், சாகக் கிடக்கும் ஹியூமைப் பார்க்கப் போகிறார். பருத்த மனிதர் மெலிந்துபோய், வெள்ளை உலோகப் பொத்தான் வைத்த சாம்பல்நிறக் கோட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். மறுமை இருக்கலாம் இல்லையா என்கிறார் பாஸ்வெல். நெருப்பில் போட்ட கரித்துண்டு எரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டுதான் என்கிறார் ஹியூம். இல்லாமல் போவதை நினைத்தால் பயமாக இல்லையா என்றதற்கு, பிறப்பதற்கு முன் நான் இல்லாமல் இருந்ததை நினைத்து எப்படிக் கலங்கவில்லையோ அப்படித்தான் என்கிறார். ஆகஸ்ட் 25ல் இறந்துவிட்டார்.

இந்தக் காட்சியில் எல்லோரும் கரித்துண்டைத்தான் பேசுவார்கள். எனக்கு அவர் முன்னால் இருந்த புத்தகம்தான் பெரிதாகப் படுகிறது. அது ஜார்ஜ் கேம்ப்பெல் சொல்வன்மை பற்றி எழுதியது. கேம்ப்பெல் ஒரு பாதிரியார். ஹியூமின் அற்புதக் கட்டுரையை மறுத்து 1762ல் தனியாக ஒரு நூலே எழுதியவர். (அந்த லா ஃப்ளெஷ் சம்பவத்தைக்கூட ஹியூம் இவருக்கு எழுதிய மரியாதையான கடிதத்தில்தான் சொல்லியிருக்கிறார்.) பிறர் சொல்லை நம்புவது அனுபவத்துக்கும் முந்தியது, குழந்தை அப்படித்தான் உலகத்தையே கற்கிறது என்பது கேம்ப்பெலின் வாதம். அதிலும் சரக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாகக் கிடக்கும்போதும் ஹியூம் தன்னை மறுத்தவரைப் படித்துக்கொண்டிருந்தாரே, அந்த மனசு எனக்கு வேண்டும்.

‘உரையாடல்கள்’ ஒரு பிரதி கூரியரில் அனுப்புகிறேன். பத்தாவது, பதினோராவது பகுதிகளை முதலில் படி. டெமியா என்று ஒருவர் வருவார்; கடவுளை அறிவால் அளக்க முடியாது என்பவர், உனக்குப் பிடிக்கும். ஃபைலோ தன் கட்சி என்று நம்பிக் கூடவே வந்து, அப்படி இல்லை என்று தெரிந்ததும் ஒரு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவார். அவர் அப்படிப் போனது சரியா என்று படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்