ஆண்டு எழுதாத வரைபடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக் கரையோரத்தை ஐரோப்பியர் ஆண்ட கதைக்கு வரைபடம் போடுபவர்கள் 1505, 1658, 1796 என்ற மூன்று ஆண்டுகளைத் திருகோணமலைக்கும் சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். மாணவர் பக்கங்களிலும் இதே பிழைதான். 1505 போர்த்துக்கீசர் இலங்கையில் கால்வைத்த ஆண்டு, 1658 யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) விழுந்த ஆண்டு, 1796 கொழும்பு ஆங்கிலேயருக்குக் கைமாறிய ஆண்டு. மூன்றில் ஒன்றுகூட எங்கள் ஊருக்குரியதல்ல.

இங்கே கோணேசர் கோயில் போர்த்துக்கீசரால் இடிபட்டது 1622இல். 1624இல் கோயிற் கல்லைக் கொண்டே கோட்டை எழும்பியது. கோட்டை வாசல் நிலைக்கல்லில் இணைக்கயலும் சிதைந்த தமிழெழுத்தும் இன்றும் தெரியும். 1639இல் ஒல்லாந்தர் பிடித்து, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு முந்திய ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி கண்டியிடம் கையளித்தனர். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து சில மாதம் நின்றுவிட்டுப் போனார்கள்.

1766ஐ யாரும் வரைவதில்லை. அந்த ஆண்டு ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில்தான் கண்டியரசு கடலை முற்றாக இழந்தது. ஒல்லாந்தர் கையில் அதுவரை இல்லாத கரையெங்கும் ஒரு சிங்கள மைல், அதாவது ஏறத்தாழ நாலு மைல் அகலத்துக்கு அவர்களுக்குப் போனது. அங்குலத்துக்குப் பதினாறு மைல் என்று வரைந்தால் அது கால் அங்குலப் பட்டி. அதைவிட மெல்லிசாகக் கோடிழுத்தால் கண்டிக்குத் துறைமுகம் இருந்ததுபோலத் தோன்றும்.

1782க்குத் தனிப்படமே வேண்டும். சனவரியில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து ஊரைப் பிடித்தார். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் படையிறக்க, நகரக் கோட்டையும் துறைமுக வாயிலிலிருந்த ஒஸ்டன்பேர்க் கோட்டையும் ஒரு நாள் இடைவெளியில் சரணடைந்தன. ஹியூஸ் வந்துசேர்ந்தபோது கோட்டைகளில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் திகதி கடலில் மோதியும் அதை இறக்க முடியவில்லை.

இவ்வளவு இழுபறிக்குக் காரணம் வாடைக்காற்று. சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லை. சென்னையில் கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கு அலைதாண்டும் மசூலாப் படகில் கரைசேரும். ஐப்பசி பிறந்தால் அங்கே நிற்கவே முடியாது. பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த ஆங்கிலேயர் பம்பாய்வரை போய்வர மாதக்கணக்காகும். அதுவரை கரைக்குக் காவலில்லை. கிழக்கே ஆண்டு முழுதும் கப்பல் ஒதுங்கத்தக்க உள்துறைமுகம் திருகோணமலை. ஆனால் நுழைவதும் இலேசல்ல. சஃப்ரனின் எழுபத்துநாலு பீரங்கிக் கப்பலொன்று உள்ளே வரும்போது தரைதட்டி அழிந்தது. 1795இல் ஆங்கிலேயரின் டயமீட் என்ற போர்க்கப்பல், வரைபடத்தில் குறிக்கப்படாத பாறையில் மோதித் தாண்டது. வெடிகுண்டு செய்யாததைக் கல் செய்தது!

போர் முடிந்து 1784இல் கணக்குத் தீர்த்தபோது திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கு வந்தது. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். 1795 ஆகஸ்டில் இங்கே கோட்டை மதில் உடைபட்டு அவர்களிடம் விழுந்தபோது கொழும்பு இன்னும் ஒல்லாந்தர் கையில்தான்.

உள்நாட்டு எல்லைக்கும் இதே விதிதான். இன்றைய பொலன்னறுவைப் பகுதியான தமன்கடுவ 1873இல் வடமத்திய மாகாணத்துக்குப் போகுமுன் கிழக்கு மாகாணத்தில் இருந்தது. அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. ஆகவே 'கிழக்கின் எல்லை' என்று வரைபவர் ஓரத்தில் ஆண்டை எழுதட்டும். 1948 என்று எழுதுகிறவர் எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளத்தையும் குறிக்கவேண்டும். அது கைமாறியது 1957இல்.

இப்படிக்கு,
வாசகர்,
திருகோணமலை