நீ கேட்ட பாதம்

கும்பகோணம்
பராபவ வருடம், சித்திரை 5

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ 'சரிப்பா' என்றதும் எனக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை வருடம் பிறந்தது. வேப்பம்பூப் பச்சடியில் அம்மா வெல்லத்தை அள்ளிப் போட்டுவிட்டாள், கசப்பே தெரியவில்லை. அத்தை முறைத்துக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். கோயிலில் பஞ்சாங்கம் வாசித்தார்கள். பராபவ என்றால் தோல்வி, அவமானம் என்று அர்த்தமாம். வாசித்தவர் அந்த இடத்தை மட்டும் மளமளவென்று கடந்து போனார். பெயரைப் பார்த்துப் பயந்தால் அறுபதில் பாதி வருடம் குடித்தனம் நடத்த முடியாது. மாடிக்குழாய் மறுபடி ஒழுகுகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் தயார். யாராவது புனே வந்தால் கொடுத்து விடுகிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பாம்புப் பஞ்சாங்கம் இரண்டு வாங்கினேன். ஒன்று உனக்கு, கூரியரில் வரும். அதை எப்படிப் பார்ப்பது என்று உனக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. பலனை மட்டும் சொல்லியிருக்கிறேன். அதுவே தப்பு என்று இப்போது படுகிறது.

பாத்திரக்கடையில் கணக்கு எழுதின நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சித்திரை ஒன்று அன்று பஞ்சாங்கத்துக்கு மஞ்சள் வைத்த கையோடு, கடைசி அட்டையின் உள்பக்கத்தில் அந்த வருடத்துக்கு மூன்று காரியம் எழுதுவேன். மூன்றுக்கு மேல் எழுதினால் நடக்காது. முதலில் ராசிக்குப் போட்டிருக்கிற ஆதாய விரயம், அதாவது வரவு செலவு, பார்ப்பேன். ஒரு வருடம் எனக்கு ஆதாயம் 2, விரயம் 14 என்று போட்டிருந்தது. உங்கள் பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். போகிற பணம் எப்படியும் போகும், ஆஸ்பத்திரிக்கும் வட்டிக்கும் போவதற்குமுன் நாமே சுப விரயமாக்கிவிடலாம் என்று அந்த வருடம்தான் கொல்லையில் கழிப்பறை கட்டினேன். அதற்கு முன் ஐந்து வருடமாக 'கட்டணும், கட்டணும்' என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான். அந்தப் 14 இல்லாவிட்டால் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பேன். சனி நடக்கிறதா, உடம்பு உழைப்பைக் கேட்கிற, மெதுவாகத்தான் முடிகிற ஒரு காரியத்தை எழுதிக்கொள். குரு மாறுகிறாரா, படிப்பில் ஒன்று, பெரியவர்களைப் போய்ப் பார்ப்பதில் ஒன்று. பெயர்ச்சி வருகிற நாளில் அட்டையைத் திருப்பி, எழுதினதில் என்ன நடந்தது என்று பார். கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரக்கை எடை போட்டுப் பார்ப்போமே, அது மாதிரிதான்.

இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ உன் செயலியில் போட்டு எடுத்த பட்டியலைப் போட்டோ அனுப்பினாய். ஒன்று, வேலை மாறுவது. இரண்டு, மாலை நேரத்தில் அந்த உள் அலங்காரப் படிப்பு. மூன்றாவதாக ஏதோ தனியாக டைப் செய்து அனுப்பினாய். நான் கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்துவிட்டது. கை தவறியிருக்கும் என்று அம்மா சொன்னாள்.

அதற்கு நாலு நாள் கழித்து, 'அப்பா, மகம் எத்தனையாம் பாதம்?' என்று கேட்டாய். நட்சத்திரத்துக்கு நாலு பாதம், உன்னுடையது முதல் பாதம் என்றேன். பாதம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. செயலிக்குத் தேதியும் நேரமும் ஊரும் போதும், பாதத்தை அதுவே சொல்லிவிடும் என்பது எனக்குத் தெரியும். வேறு யாரோ கேட்டால்தான் பாதம் வேண்டியிருக்கும். சரி, நான் கேட்கவில்லை.

மார்ச்சில் நீ வேறொன்று கேட்டாய். செயலியில் சனி போன வருடம் மார்ச் 29-ஆம் தேதியே மீனத்துக்கு வந்தாகிவிட்டது, நீங்கள் இந்த வருடம் மார்ச் 6 என்கிறீர்களே, எது சரி என்று. அது திருக்கணிதம், இது வாக்கியம். வாக்கியம் என்பது மனப்பாடமாக வைத்துக்கொண்ட பழைய சூத்திரக் கணக்கு. வானத்தில் கிரகம் நிற்கிற இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது திருக்கணிதம். திருநள்ளாறில் வாக்கியப்படிதான் பெயர்ச்சி, நம் ஊர்க் கோயில்களிலும் அப்படியே. சனி ஒருவர்தான். இரண்டு கணக்குக்கும் நடுவே பதினொரு மாதத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேர் எத்தனை காரியத்தைத் தள்ளிப் போட்டார்களோ. அன்று இதையெல்லாம் விளக்கிவிட்டு, கடைசியில், 'எந்தக் கணக்கானாலும் உன் சிம்ம ராசிக்கு எட்டில் சனி, அஷ்டமச் சனி தொடங்கிவிட்டது, இரண்டரை வருடம் நிதானமாக இரு' என்று முடித்தேன்.

நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'சரிப்பா, அப்ப இந்த வருஷம் எதுவும் வேண்டாம்' என்றாய். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பேசுகிறாய். மழையா, வெயிலா, அம்மா மாத்திரை போட்டாளா. அவ்வளவுதான். உன் வேலையைப் பற்றி அத்தை கேட்டால் 'போகுது' என்கிறாய். சம்பாதிக்கிற பெண், அப்பனிடம் ஒரு பைசா கேட்காத பெண் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்காகப் பேச்சைக்கூடவா கணக்குப் பார்த்துக் கொடுப்பாய்?

கோபப்படவில்லை. அந்த 'எதுவும் வேண்டாம்' என்கிற வார்த்தை எனக்குத் தூக்கத்தில் கேட்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். முதல் பக்கத்தைக் குழாய், ஊறுகாய் என்று நிரப்பிவிட்டேன். இனி எழுதிவிடுகிறேன்.

நீ பிறந்தது மகத்தில் இல்லை அம்மு.

தாது வருடம் மாசி, வெள்ளிக்கிழமை. மறுநாள் மாசி மகம். தீர்த்தவாரிக்கு வந்த கூட்டம் அன்றே மகாமகக் குளத்தைச் சுற்றி இடம் பிடித்திருந்தது. ரிக்‌ஷாவைக் குளக்கரைப் பக்கம் விடவில்லை, சுற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். பிரசவ அறைக்கு வெளியே பச்சை பெயின்ட் அடித்த சுவரில் ஒரு கடிகாரம். உன் அழுகுரல் கேட்டபோது அதில் ஏழு மணி எட்டு நிமிடம். உங்கள் பாட்டி ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. 'மணி என்னடா?' என்றாள். சொன்னேன். அவள் இடுப்புப் பையிலிருந்து நாலாக மடித்த பஞ்சாங்கத்தாளை எடுத்தாள், வரும்போதே கிழித்து எடுத்து வந்திருக்கிறாள். ஆயில்யம் முடியும் நாழிகையை நான்தான் மணியாக்கிச் சொன்னேன். மகம் பிறக்க இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. பாட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். 'இன்னொண்ணா, இன்னொண்ணா' என்று அதையே சொன்னாள்.

அத்தைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். நான் திரும்ப எழுதவில்லை. அவள் முன்னறையில்தான் படுத்திருக்கிறாள், விளக்கு எரிகிறதே என்று இப்போதுகூடக் குரல் கொடுத்தாள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று யார் முதலில் சொன்னார்களோ, அவர்கள் வீட்டில் பெண் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் ஜோசியரிடம் போய் 7.42 என்றேன். 'நர்ஸ் சொன்னாங்களா, நீங்க பார்த்தீங்களா?' என்று கேட்டார். நானே பார்த்தேன் என்றேன். பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் திறந்தார். 'மகம் ஒண்ணாம் பாதம், சிம்ம ராசி. ஜெகத்தை ஆளப்போகுது' என்றார். அவருக்குப் புரிந்துதான் இருக்கும். என்னைப் போல எத்தனை அப்பன்களைப் பார்த்திருப்பார்.

முப்பத்து நாலு நிமிடம். அதில் லக்னம்கூட நகரவில்லை, இரண்டு நேரத்துக்கும் சிம்ம லக்னம்தான். தசைக் கணக்கில் ஏறக்குறைய நாலு மாதம் வித்தியாசம் வரும். எப்படிப் பார்த்தாலும் உனக்கு 2024-ல் சூரிய தசை வந்துவிட்டது. சந்திரன் மட்டும் ஒரு கோட்டைத் தாண்டினான். கடகம் சிம்மமாகி ராசி மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறது அதை மட்டும்தானே.

அதோடு விட்டிருந்தால் பாட்டிக்காகச் செய்தேன், அத்தையைப் பார்த்துப் பயந்து செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். 2014-ல் உனக்கு வெளியூரில் கட்டடக்கலைக்கு இடம் கிடைத்ததே. அப்போது சிம்மத்துக்கு அர்த்தாஷ்டமச் சனி வரப்போகிறது, நாலாம் இடம் படிப்பு, வெளியே போனால் தடைப்படும் என்று சொல்லி உன்னை உள்ளூரில் பி.காம். சேர்த்தேன். உன் ராசி கடகம் என்று இந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? கடகத்துக்கு அது ஐந்தாம் இடம். சனி என்னைத் தடுக்கவில்லை. கையில் பணம் இல்லை. சீட்டு போட்ட இடத்தில் எழுபதாயிரம் போய்விட்டிருந்தது, அம்மாவிடம்கூட அப்போது சொல்லவில்லை. 'அப்பாவிடம் பணம் இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை, 'சனி சரியில்லை' என்று சுலபமாக வந்தது. நீ அன்று எதிர்த்துப் பேசவில்லை. பேப்பரில் வரைந்து வைத்திருந்த நம் வீட்டுப் படத்தை, கொல்லை, கிணறு, மாடிப்படி எல்லாம் அளவோடு இருந்ததே, அதை மடித்துப் பழைய புத்தகங்களோடு வைத்தாய். அது இப்போது என் மேஜையில் இருக்கிறது.

மாதம் ஒருமுறை திருவிசநல்லூர் நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்வேனே, அங்கே எனக்கு நண்பர் யாரும் இல்லை. பக்கத்தில் திருந்துதேவன்குடியில் நண்டாங்கோயில் இருக்கிறது. கடக ராசிக்கும் ஆயில்யத்துக்கும் உரிய கோயில் என்பார்கள். வயல் நடுவில் தனியாக நிற்கும். ஆயில்யம் வருகிற நாளில் டிவிஎஸ் 50-ஐ வரப்போரம் நிறுத்திவிட்டுப் போய், உன் பெயரைச் சொல்லி, ஆயில்ய நட்சத்திரம், கடக ராசி என்று அர்ச்சனை செய்துவிட்டு வருவேன். விபூதியை வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. எங்கே போனாய் என்று பாட்டி கேட்பாளே என்று வழியிலேயே பூசிக்கொண்டு துடைத்துவிடுவேன். பாட்டி போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

சரி, இப்போது கடகத்துக்குப் பார்ப்போம். நான் பார்த்துச் சொல்கிறதை நீ நம்ப வேண்டும் என்றில்லை. உனக்கு அஷ்டமச் சனி தொடங்கவில்லை, முடிந்துவிட்டது. வாக்கியப்படி 2023 டிசம்பரில் ஆரம்பித்து, இந்த மார்ச் 6-ஆம் தேதி முடிந்தது. அந்த இரண்டேகால் வருடம் புனேயில் உனக்கு எப்படிப் போனது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. டைபாய்டு வந்ததையே நீ எழுந்து வேலைக்குப் போன பிறகுதான் சொன்னாய். இப்போது சனி ஒன்பதில். ஒன்பதாமிடம் பாக்கியம், அதுவே தகப்பன் ஸ்தானமும். ஒன்பதில் சனி என்றால் அப்பனுக்குத்தான் சிரமம் என்பார்கள். அது என் கணக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். வைகாசியில் குரு கடகத்துக்கு வருகிறார். அவருக்கு உச்ச வீடு, உனக்கு ஜென்ம குரு. இடம் மாற்றுவார், அலைச்சல் கொடுப்பார். எல்லாம் நன்றாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, இனிமேல் அந்த மாதிரி உன்னிடம் எதையும் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த மூன்றையும் எழுது. செயலியில் வேண்டாம், பஞ்சாங்கத்தின் கடைசி அட்டையில், பேனாவால் எழுது. வேலை. படிப்பு. உள் அலங்காரம் என்ன, கட்டடக்கலையே படிக்க முடியுமா என்று விசாரி. இருபத்தொன்பது வயது ஒரு வயதா? என்னிடம் இப்போது வைப்புநிதியில் கொஞ்சம் இருக்கிறது, சீட்டில் போடவில்லை. மூன்றாவதையும் எழுது. என்னிடம் காட்ட வேண்டும் என்றில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கண் விழிக்காதே.

அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்கு நேரம் முதலிலிருந்தே தெரியுமாம். 'பெத்தவளுக்குத் தெரியாதா, நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்' என்றாள். சீட்டு விஷயமும் தெரியுமாம்.

நீ ஜனவரியில் கேட்டதற்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். கேட்டவர்களிடம் திருத்திச் சொல்லிவிடு. ஆயில்யம், நாலாம் பாதம்.

அன்புடன்,
அப்பா