ஐந்தாம் வகுப்பில் நட்புக்கு ஒரு பாடவேளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பேசியதெல்லாம் ஒன்பதாம் வகுப்பு, பிளஸ் டூ மாணவர்களைப் பற்றி. முப்பது வருடம் தொடக்கப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை எடுத்தவள் நான். பேச்சை இன்னும் நாலைந்து வருடம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை காலையில் காய் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் பழம் விட்டுவிடும். பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ அவர்தான் சிநேகிதம். ஒன்பது, பத்து வயதில் இது மாறுகிறது. ரகசியம் வருகிறது, கூட்டு வருகிறது. "அவகூட யாரும் பேசக் கூடாது" என்று ஒருத்தி சொன்னால் எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். அடித்தால் டீச்சர் காதுக்கு வந்துவிடும். பேசாமல் ஒதுக்கினால் வருவதே இல்லை.

என் வகுப்பில் ஒரு பெண் இரண்டு வாரம் தனியாகச் சாப்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிப் பக்கம் போய்விடுவாள். நான் கவனிக்கவில்லை. தெரிந்த பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. சம்பந்தப்பட்ட நாலு பேரையும் வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "சாரி சொல்லுங்க, கை கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அவளுக்குப் 'போட்டுக் கொடுக்கிறவ' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பிள்ளை என்னிடம் புகாராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அப்புறம்தான் வேறு வழி தேடினேன். "யார் ஆரம்பிச்சது?" என்று கேட்பதை முதலில் நிறுத்தினேன், அந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் அடுத்தவரைத்தான் கைகாட்டும். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "என்ன நடந்துச்சு, அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "கஷ்டமா இருந்துச்சு டீச்சர்" என்பதோடு பதில் நின்றது. கோபம், சந்தோஷம், கஷ்டம் ஆகிய மூன்றுக்கு மேல் அவர்களிடம் சொல் இல்லை. அதனால் வாரம் ஒரு சொல்லைப் பலகையில் எழுதினேன்: ஏக்கம், ஏமாற்றம், கூச்சம், பொறாமை, மனத்தாங்கல். ஏக்கம் எப்போது வரும் என்று கேட்டபோது, வகுப்பில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிற பையன், "அப்பா திருப்பூருக்கு பஸ் ஏறும்போது" என்றான். அன்றைக்குத்தான் மற்ற பிள்ளைகளும் நானும் அவனை வேறு மாதிரி பார்த்தோம். பட்டப்பெயர் வைப்பதை அவன் உடனே நிறுத்திவிடவில்லை. ஆனால் யாராவது முகம் வாடினால் கவனிக்கத் தொடங்கினான்.

விளையாட்டிலும் இந்த ஒதுக்கல் இருக்கிறது. இப்போது அணி பிரிக்கும்போது தலைவர்கள் ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பிள்ளை நிற்கும். நாங்கள் சிறுவயதில் உத்தி பிரிப்போம். ஒரே மாதிரி ஆடுகிற இருவர் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?" என்று கேட்பார்கள். அணித் தலைவரான தாச்சி கேட்பது பூவைத்தான், ஆளை இல்லை. கடைசியாக நிற்கும் அவமானம் அதில் யாருக்கும் கிடையாது. இதை என் பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்.

பாடத்திலேயும் செய்யலாம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 1971-இல் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தபோது, எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். நான் ஐந்திணையை இப்படி நடத்தினேன். பாலை, பேசவே கூசுகிற ஒரு பெண்ணிடம் போனது. அவள் வாயைத் திறக்கும் வரை நாலு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' என்ற கேலி தடுப்புத் திட்டத்தை 2007-இல் முதலில் சோதித்துப் பார்த்ததே 4 முதல் 6 வரையிலான வகுப்புகளில்தான். கேலி செய்கிறவரையும் கேலிக்கு ஆளாகிறவரையும் போலவே, சுற்றி நின்று சிரிக்கிறவர்களிடமும் அது பேசுகிறது. நம் வகுப்பறைகளில் அவர்கள்தான் அதிகம். ஒருத்தர் எழுந்து போய் ஒதுக்கப்பட்ட பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், காய் விட்ட கூட்டம் கலைந்துவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவனைச் சாதிப் பகையில் உடன் படித்தவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டிவரத் தடை வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். சரிதான், வேண்டும். ஆனால் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை போவது பெரும்பாலும் வேறு பள்ளிக்கு, தெரியாத முகங்களுக்கு நடுவில். அங்கே முதலில் அணைத்துக்கொள்கிற கூட்டம் எதுவோ, அதில்தான் அது சேரும். கயிறு அங்கேதான் கைக்கு வருகிறது. புது ஆளிடம் போய்ப் பேசவும், கூட்டம் தப்பாகப் போனால் "நான் வரலை" என்று சொல்லவும் அதற்கு முன்பே பழக்க வேண்டாமா?

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை இதற்கென்று வேண்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று தினம் ஒரு வேளையே ஒதுக்கினார்கள், தேர்வும் இல்லாமல். நம்மிடமும் முன்பு நீதிபோதனை வகுப்பு இருந்தது. கணக்குப் பாடம் முடிக்காத நாங்களே அந்த நேரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டோம். இந்த முறை அப்படி ஆகக் கூடாது. மதிப்பெண், பதிவேடு எதுவும் சேர்க்காமல், வட்டார வள மையப் பயிற்சியில் ஆசிரியர்களே முதலில் விளையாடிப் பார்க்கட்டும். நான் எழுதிவைத்த கேள்விகளும் விளையாட்டுகளும் இரண்டு நோட்டு நிறைய இருக்கின்றன. எந்த ஆசிரியர் கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்