வெள்ளையர் வெளியேறியது கடனால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுதலை நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கடனாளியானதே ஆங்கிலேயர் இந்தியாவை விட்டுப் போனதற்குக் காரணம் என்று முடிந்திருந்தது. கடன் பொய்யன்று. போர் முடிந்தபோது இந்தியாவுக்கே அந்நாடு நூறு கோடி பவுனுக்கு மேல் தர வேண்டியிருந்தது. ஆனால் கடன்பட்டவன் கடைசிவரை கைவிடாதது விளைகிற நிலத்தைத்தானே? அதே போரில் ஜெர்மனியிடம் நாட்டையே பறிகொடுத்து மீண்ட நெதர்லாந்து இந்தோனேசியாவில் 1949 வரையிலும், பிரான்சு இந்தோசீனாவில் 1954 வரையிலும் விடாமல் மல்லுக்கட்டின.

பிரிட்டன் ஏன் அப்படிச் செய்யவில்லை என்பதற்கு விடை, இங்கே அதன் ஆட்சி யார் கையால் நடந்தது என்பதில் இருக்கிறது. சிப்பாய், காவலர், குமாஸ்தா எல்லாரும் பெரும்பாலும் இந்தியரே. 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, எங்கள் திருவாடானையில் மக்கள் திரண்டு சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த தேவகோட்டையில் நீதிமன்றம் தீக்கிரையானது. துப்பாக்கிச் சூடும் கைதுகளும் தொடர்ந்தன, எழுச்சி அடங்கியது. சுடச் சொன்னால் சுடுகிற கைகள் அன்று அரசிடம் இருந்தன என்பதே அதன் பொருள்.

நான்கே ஆண்டுகளில் அது மாறியது. மலாயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர் பலரும் சேர்ந்திருந்த, நேதாஜி தலைமையில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் மூவருக்கு டெல்லிச் செங்கோட்டை வழக்கில் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை, நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்டு, 1946 ஜனவரியில் தலைமைத் தளபதியே ரத்து செய்தார். பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைத் தளத்து மாலுமிகள், மோசமான சோற்றையும் அதிகாரிகளின் இனவெறி ஏச்சையும் எதிர்த்து வேலையை நிறுத்த, அது கராச்சி வரை பரவியது. (ஆட்சியைக் கைமாற்றுவது பற்றி இந்தியத் தலைவர்களுடன் பேச பிரிட்டன் தன் அமைச்சர்களைக் கொண்ட அமைச்சரவைத் தூதுக்குழுவை அனுப்பும் முடிவு இதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.) அடுத்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் வெளியேறுவதாக அறிவித்தார், அந்தக் கெடு வரைகூட அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஒரு முழுப் பக்கக் கட்டுரையில் இராமநாதபுரம் என்ற பெயருக்கே இடமில்லாமல் போனது வருத்தம் தருகிறது. அடுத்த சிறப்பிதழிலாவது திருவாடானை, தேவகோட்டை நிகழ்வுகளை விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டி வாசகர் ஒருவர்